நிலவறையில் ஒரு டாக்டர்

1948 மார்ச் 3. தொண்டைமான் மன்னர்கள் ஆண்டுவந்த புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய நாட்டுடன் இணைந்த நாள் இது. வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சரியாக மூன்று மாதம் கழித்து, அதே ஆண்டு ஜூன் 3-ம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து வெளிவரும் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. நோயுற்ற பதினாறு குழந்தைகளைப் பற்றிய கட்டுரை அது.

இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நேரடியாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையை எழுதியவருடைய கதையைச் சொல்லப் புகுந்தால், அது சென்னை வழியாகச் சுற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்கே வந்து சேருகிறது. கொஞ்சம் பொறுமையோடு கூட வாருங்கள்.

அவர் பெயர் சிட்னி ஃபார்பர். 1903-ல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பஃபலோ என்ற ஊரில் பிறந்தவர். வீட்டில் மொத்தம் பதினான்கு பிள்ளைகள், இவர் மூன்றாமவர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, டாக்டர் படிப்பின் முதல் ஆண்டை ஜெர்மனியில் முடித்தார். அங்கே நன்றாகத் தேறியதால் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி இவரை நேராக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொண்டது. 1927-ல் டாக்டரானார். 1929-ல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். என்ன வேலை? நோய்க்குறியியல் வல்லுநர். ஆங்கிலத்தில் பாதாலஜிஸ்ட் என்பார்கள். அந்த மருத்துவமனையில் முழுநேரமும் அந்த வேலையையே செய்யும் முதல் ஆள் அவர்தான்.

டாக்டர் என்றதும் உங்கள் மனக்கண்ணில் யார் தெரிகிறார்? கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு, நாக்கை நீட்டச் சொல்லி, மருந்துச் சீட்டு எழுதித் தருகிறவர். நோய்க்குறியியல் வல்லுநர் அப்படிப்பட்டவர் அல்ல. நோயாளி அவரைப் பார்ப்பதே அபூர்வம். அவரிடம் வருவது உடலிலிருந்து எடுத்த ஒரு துளி இரத்தம், ஒரு துண்டுச் சதை, சில சமயம் இறந்தவரின் உடல்.

அந்தத் துண்டுச் சதையை அவர் என்ன செய்கிறார் தெரியுமா? முதலில் அழுகாமல் இருக்க ஃபார்மலின் திரவத்தில் ஊறப்போடுவார்கள். பிறகு அதிலுள்ள நீரை அகற்றி, உருகிய மெழுகை ஊற வைத்து, சோப்புக்கட்டி போல இறுகச் செய்வார்கள். அந்த மெழுகுக்கட்டியை ஒரு சீவும் கருவியில் பொருத்தி மெல்லிய தாளாகச் சீவுவார்கள். எவ்வளவு மெல்லிசு? நம் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு! அதைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டிச் சாயம் ஏற்றினால், செல்லின் உட்கரு நீலமாகவும் மற்றப் பகுதி இளஞ்சிவப்பாகவும் தெரியும். நுண்ணோக்கியில் குனிந்து அதைப் பார்த்து, இது இன்ன நோய் என்று சொல்வதே அவர் தொழில். வார்டில் இருக்கும் டாக்டர் கத்தியை எடுப்பதும் மருந்தைக் கொடுப்பதும் பெரும்பாலும் இவருடைய சொல்லை நம்பித்தான்.

சரி, குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு நோய்க்குறியியல் வல்லுநர் எதற்கு? குழந்தை என்பது சின்ன அளவில் இருக்கும் பெரிய மனிதன்தானே?

இல்லை. இப்படி நினைத்ததால் விளைந்த ஒரு விபரீதத்தைச் சொல்கிறேன். நம் மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் அது பெரிதாக இருக்கும். வயது ஏற ஏறச் சுருங்கிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காரணம் தெரியாமல் திடீரென இறந்த கைக்குழந்தைகளின் உடலைச் சோதித்த டாக்டர்கள், தைமஸ் பெரிதாக இருப்பதைக் கண்டு, இதுதான் மூச்சை அடைத்துக் கொன்றுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். ஆரோக்கியமான குழந்தையின் தைமஸ் எவ்வளவு பெரிது என்பது அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. விளைவு? ஒரு நோயும் இல்லாத ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கழுத்திலும் மார்பிலும் எக்ஸ் கதிர் பாய்ச்சி, தைமஸைச் சுருக்கினார்கள். அந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. இயல்பு எது என்று தெரியாமல் நோய் எது என்று சொல்லப் போனதன் விலை இது.

ஃபார்பரின் காலத்தில் குழந்தை நோய்க்குறியியல் என்ற துறையே அப்போதுதான் முளைவிட்டுக்கொண்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கூடம் மருத்துவமனையின் நிலவறையில் இருந்த ஒரு சிறு அறை. மேலே வார்டுகளில் பிழைக்காத குழந்தைகள் கீழே அவரிடம் வந்தார்கள். பிறந்தவுடன் மூச்சுத் திணறி இறந்த சிசுக்களின் நுரையீரல், காரணம் தெரியாமல் தொட்டிலில் இறந்த குழந்தைகள் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். 1938-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குதிரைகளைத் தாக்கும் ஒருவகை மூளைக்காய்ச்சல் குழந்தைகளையும் பலிகொண்டபோது, இறந்தவர்களின் மூளையில் அந்த வைரஸைக் கண்டுபிடித்த குழுவில் அவரும் ஒருவர். பிணப் பரிசோதனை செய்வது எப்படி என்று 1937-ல் அவர் ஒரு புத்தகமே எழுதினார்.

இப்படி ஏறத்தாழ இருபது ஆண்டுகள். நினைத்துப் பாருங்கள்! இருபது ஆண்டுகள் அவர் தினமும் பார்த்தது, வேறு யாரோ காப்பாற்ற முயன்று தோற்றுப்போன குழந்தைகளை.

அவற்றில் ஒரு நோய் அவரை விடாமல் உறுத்திக்கொண்டே இருந்தது. அதுதான் இரத்தப் புற்றுநோய். ஒரு கனமில்லிமீட்டர் இரத்தத்தில் சாதாரணமாக 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜைதான் இவற்றை உண்டாக்கும் தொழிற்சாலை. இரத்தப் புற்றுநோயில் அந்தத் தொழிற்சாலை வெறிபிடித்தது போல ஆகிவிடுகிறது. முதிர்ச்சி அடையாத, எதற்கும் உதவாத வெள்ளை அணுக்கள் மஜ்ஜை முழுவதும் பெருகி நிரம்பும். சிவப்பணுக்களும் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் உண்டாக இடம் இருக்காது. குழந்தை வெளுக்கும், காய்ச்சல் விடாது, தட்டினாலே உடம்பில் கருநீலத் தழும்பு விழும். 1940-களில் இந்த நோய் வந்த குழந்தை சில வாரங்களோ சில மாதங்களோ உயிரோடிருக்கும். அவ்வளவுதான். மருந்தே கிடையாது.

கைக்கு எட்டாத இந்த நோயை ஃபார்பர் ஏன் தேர்ந்தெடுத்தார்? இங்கேதான் நோய்க்குறியியல் வல்லுநரின் மூளை வேலை செய்கிறது. வயிற்றுக்குள்ளோ மூளைக்குள்ளோ இருக்கும் கட்டி வளர்கிறதா சுருங்குகிறதா என்று அந்தக் காலத்தில் எளிதில் அறிய முடியாது. இரத்தப் புற்றுநோயோ ஒரு துளி இரத்தத்தில் தெரியும். இன்று எத்தனை அணுக்கள், மருந்து கொடுத்தபின் நாளை எத்தனை என்று எண்ணிவிடலாம். எண்ண முடிந்ததை ஆராயவும் முடியும் அல்லவா?

கதை இப்போது நம் பக்கம் திரும்புகிறது.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் 1928-ல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர்களான ஏழைக் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாவதைக் கண்டார். அந்தச் சாற்றில் இருந்த சத்துதான் பிறகு ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. இலத்தீன் மொழியில் ஃபோலியம் என்றால் இலை. 1941-ல் கீரையிலிருந்து பிரித்தெடுத்ததால் இந்தப் பெயர். மஜ்ஜை புது இரத்த அணுக்களை உண்டாக்க இந்தச் சத்து கட்டாயம் வேண்டும்.

இதைச் சோதனைச்சாலையில் செயற்கையாகச் செய்யும் வேலையை லெடர்லே என்ற அமெரிக்க மருந்துக் கம்பெனியில் நடத்தியவர் எல்லப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்தின் பீமாவரத்தில் 1895-ல் பிறந்தவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றவர்! சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியில் படித்து மூன்றாம் முறைதான் தேறினார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அறுவைப் பயிற்சிக்குக் கதர் உடை அணிந்து வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் சற்றுத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார் என்று சொல்வார்கள். 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் போய், பிழைப்புக்காக இரவில் மருத்துவமனையில் மலச்சட்டி சுமக்கும் வேலை செய்துகொண்டே ஹார்வர்டில் படித்தார். யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் ஊரில் கொடுக்கிறார்களே ஒரு மாத்திரை, டை எதில் கார்பமசின், அதுவும் இவருடைய குழுவின் படைப்புதான். இவ்வளவு செய்தவரின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1945-ல் சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்துவிட்டது. அது எலிகளின் கட்டியைச் சுருக்கியதாக நியூயார்க்கிலிருந்து ஒரு செய்தியும் வந்திருந்தது. ஃபார்பர் யோசித்தார். இரத்தசோகையில் மஜ்ஜை தடுமாறும்போது ஃபோலிக் அமிலம் அதைச் சீர்படுத்துகிறது. இரத்தப் புற்றுநோயிலும் மஜ்ஜைதான் தடுமாறுகிறது. அப்படியானால் இதற்கும் கொடுத்துப் பார்க்கலாமே! லெடர்லேயிலிருந்து ஃபோலிக் அமிலத்தை ஒத்த பொருள்களை வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்.

நோய் குறையவில்லை. இன்னும் வேகமாகப் பாய்ந்தது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இன்றாக இருந்தால் இப்படி ஒரு சோதனை தொடங்குமுன் அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். பெற்றோரிடம் நன்மை தீமை இரண்டையும் விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். அந்தக் காலத்தில் அந்த விதிகள் இல்லை. மருத்துவமனைக்குள்ளேயே பல டாக்டர்கள், சாகப்போகும் குழந்தைகளை நிம்மதியாக விட்டுவிடக் கூடாதா என்று ஃபார்பரை எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் ஃபார்பர் தோல்வியை மூடி மறைக்கவில்லை. இறந்த குழந்தைகளின் மஜ்ஜையைத் தன் கையாலேயே எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வேறு எந்த டாக்டராக இருந்தாலும் "மருந்து பலிக்கவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருப்பார். இருபது ஆண்டு அந்த மஜ்ஜையையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறொன்று தெரிந்தது. "பலிக்கவில்லை" என்பதும் "வேகப்படுத்தியது" என்பதும் ஒன்றல்ல. வேகப்படுத்தியது என்றால், புற்றணுக்களுக்கு ஃபோலிக் அமிலம் தீனி என்று அர்த்தம். தீனியை நிறுத்தினால்?

உணவிலிருந்து அந்தச் சத்தை முழுவதும் நீக்குவது நடக்கிற காரியம் அல்ல. ஆனால் போலித் தீனி கொடுக்கலாம். ஒரு பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அசல் சாவியைப் போலவே இருக்கும் போலிச் சாவி ஒன்று பூட்டுக்குள் நுழைகிறது, திரும்புவதில்லை, வெளியே வரவும் மறுக்கிறது. அசல் சாவிக்கு இனி இடம் ஏது? சுப்பாராவின் கூடத்தில் டோரிஸ் சீகர் முதலிய வேதியியல் அறிஞர்கள் 1947-ல் அப்படிப்பட்ட போலிச் சாவி ஒன்றைச் செய்தார்கள். ஃபோலிக் அமில மூலக்கூறில் ஓரிடத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியை எடுத்துவிட்டு அமினோ தொகுதியை வைத்தார்கள். மாற்றம் அவ்வளவுதான். பெயர் அமினோப்டெரின். அது எந்தப் பூட்டை அடைத்தது என்பது பின்னால்தான் தெளிவானது. செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்கு வேண்டிய தைமின் என்ற எழுத்தை உண்டாக்க ஃபோலிக் அமிலத்தைத் தயார்செய்து கொடுக்கும் நொதி ஒன்று உண்டு. அந்த நொதிதான் பூட்டு.

1947 டிசம்பர் 28. இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனான இரண்டு வயதுப் பையன். மண்ணீரலும் கல்லீரலும் வீங்கி, எழுந்து நிற்க முடியாமல் கிடந்தான். அன்று அவனுக்கு அமினோப்டெரின் ஊசி போடப்பட்டது. நாள்தோறும் ஏறிக்கொண்டே போன வெள்ளை அணு எண்ணிக்கை நின்றது, பிறகு இறங்கியது, இயல்பு நிலைக்கே வந்தது. வீக்கம் வடிந்தது. பையன் நடக்கத் தொடங்கினான். இரத்தப் புற்றுநோயை ஒரு மருந்து பின்வாங்க வைத்ததை அதற்குமுன் இப்படித் தெளிவாக யாரும் கண்டதில்லை.

ஜூன் 3-ம் தேதிக் கட்டுரை சொன்னது இதைத்தான். பதினாறு குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தோம். பத்துப் பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஃபார்பர் தலைப்பிலேயே நேர்மையாக ஒரு சொல்லைப் போட்டிருந்தார்: தற்காலிக. ஆம், சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. அந்தச் சிறுவனும் பிழைக்கவில்லை. மருந்தைச் செய்து கொடுத்த சுப்பாராவும் கட்டுரை வந்த இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில், 53-ம் வயதில் காலமானார்.

அதற்குப் பிறகு ஃபார்பர் நிலவறையிலேயே தங்கிவிடவில்லை. பிணங்களோடு இருந்தவர் குழந்தைகளோடு இருக்க மேலே ஏறி வந்தார். பணம் திரட்ட அவர் செய்த ஒரு காரியம் சுவையானது. 1948 மே மாதம் ஒரு வானொலி நிகழ்ச்சியில், அவரிடம் சிகிச்சை பெற்ற பன்னிரண்டு வயதுக் கிராமத்துப் பையன் ஒருவன் "ஜிம்மி" என்ற புனைபெயரில் பேசினான். அவனுடைய அபிமான பேஸ்பால் ஆட்டக்காரர்கள் கூட்டமாக அவன் அறைக்குள் நுழைந்தார்கள். ஆட்டத்தைப் பார்க்க அவனுக்கு ஒரு டெலிவிஷன் வேண்டும், இருபதாயிரம் டாலர் சேர்ந்தால் வாங்கித் தருவோம் என்று அறிவித்தார்கள். சேர்ந்ததோ இரண்டு லட்சம் டாலருக்கும் மேல்! ஜிம்மி இறந்திருப்பான் என்றுதான் பலரும் பிற்காலத்தில் நினைத்திருந்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 1998-ல், பேரன்களைக் கண்ட லாரி ஓட்டுநராக அவர் மறுபடி தோன்றினார். 2001 வரை உயிரோடிருந்தார். ஃபார்பர் 1973-லேயே மறைந்துவிட்டார். அவர் தொடங்கிய நிறுவனம் இன்று டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

தற்காலிகம் எப்படி நிரந்தரம் ஆயிற்று? ஒரு பூட்டை மட்டும் அடைத்தால் செல் வேறு வழி கண்டுபிடித்துவிடுகிறது. ஆகவே பல பூட்டுகளை ஒரே சமயத்தில் அடைக்க வேண்டும். அமினோப்டெரினுக்குப் பதிலாக அதன் தம்பியான மெத்தோட்ரெக்ஸேட் வந்தது. 1950-களில் மெர்காப்டோபியூரின் வந்தது. அடுத்து வந்த மருந்து எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? உங்கள் வீட்டு வேலியோரம் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து! வின்கிரிஸ்டின் என்று பெயர். ஒரு டன் உலர்ந்த இலையில் சில கிராம்தான் கிடைக்கும். (இலையைப் பறித்து வாயில் போட்டுப் பார்க்காதீர்கள், கடும் நஞ்சு.) இப்படி நான்கைந்து மருந்துகளைக் கணக்காகச் சேர்த்துக் கொடுக்கப் போய், வசதியுள்ள நாடுகளில் இன்று பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

நம் நாட்டில்? இப்போது புதுக்கோட்டைக்கு வருவோம்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியை உங்களுக்குத் தெரியும். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் சேர மன்னரே தலையிட்டு அனுமதி தர வேண்டியிருந்தது. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் கழித்து அதே கல்லூரிப் படியில்தான் சுப்பாராவ் ஏறினார். முத்துலட்சுமியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்த வேதனை அவர் மனத்தில் முப்பது ஆண்டு கனன்று, 1954 ஜூன் 18-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாகத் திறந்தது. அப்போது இருந்தவை பன்னிரண்டு படுக்கைகள். மறு ஆண்டு அங்கே வந்து சேர்ந்த இளம் டாக்டர் சாந்தா, 2021-ல் காலமாகும்வரை அந்த இடத்தை விட்டு அகலவில்லை.

1970-களில் இந்தியாவின் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில்கூட இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பிழைத்தவர்கள் நூற்றுக்கு இருபதுக்கும் குறைவு. நோய் அதேதான், மருந்துகளின் பெயரும் தெரியும். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? வெளிநாட்டுச் சிகிச்சை முறையை அப்படியே காப்பியடித்தால், மெலிந்த உடம்போடு முற்றிய நோயோடு வரும் நம் குழந்தைகள் மருந்தின் வேகத்தையே தாங்காமல் தொற்றுநோயில் போய்விடுவார்கள். 1984 முதல் அடையாறு, பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன நிபுணர் ஒருவருடன் கூடி, நம் நிலைமைக்கு ஏற்ற ஒரே முறையைக் கையாண்டன. எம்.சி.பி. 841 என்பது அதன் பெயர். நான்கு ஆண்டு கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 45 முதல் 60 வரை உயர்ந்தார்கள். அந்த மருந்துப் பட்டியலில் ஃபார்பரின் வழிவந்த மெத்தோட்ரெக்ஸேட்டும் இருந்தது, நித்தியகல்யாணியும் இருந்தது.

மீதியில் ஒரு பங்கை விழுங்கியது தூரமும் பணமும். சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டு நீளும். அறந்தாங்கியிலோ ஆவுடையார்கோவிலிலோ இருக்கும் ஒரு கூலித் தொழிலாளி எத்தனை முறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ரயிலேற முடியும்? முதல் மாதத்தில் காய்ச்சல் நின்று பிள்ளை ஓடியாடத் தொடங்கினால், குணமாகிவிட்டது என்று நினைத்துச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுவோர் பலர். ஃபார்பர் தலைப்பில் போட்ட அந்த "தற்காலிக" என்ற சொல்லை அவர்களுக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. எந்த மருத்துவக் கல்லூரியிலும் நோய்க்குறியியல் துறை உண்டு. வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், வெளுப்பு, காரணமில்லாத கருநீலத் தழும்பு, எலும்பு வலி இவற்றோடு ஒரு குழந்தை வந்தால், முதலில் செய்யப்படுவது ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துப் பார்ப்பதுதான். பெரும்பாலும் சாதாரண நோயாகவே இருக்கும். அப்படி இல்லையென்றால் எலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்ப்பார்கள். சிகிச்சை தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதம் ஆனதும் மறுபடியும் மஜ்ஜை எடுத்து, நுண்ணோக்கியில் குனிந்து, முதிராத அணுக்கள் எத்தனை என்று எண்ணுவார்கள். நூறு அணுவுக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் முதல் கட்டம் வென்றாயிற்று என்று குறிப்பில் எழுதிவிட்டு, அடுத்த சில்லை எடுப்பார்கள்.